இருபத்தாறு டிகிரி

அந்த வளர்ப்பு மீன் கடைக்காரருக்கு வாடிக்கையாளர்கள் வைத்திருந்த பெயர் ‘மாமியார்’. அவர் ஆண்; திருமணமே செய்துகொள்ளாதவர். இருந்தும் அந்தப் பெயர் அவருக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. தொட்டி எவ்வளவு நீளம், வீட்டில் ஏற்கெனவே என்னென்ன மீன்கள் இருக்கின்றன, தண்ணீரை யார் மாற்றுவார்கள், வெளியூர் போனால் யார் தீனி போடுவார்கள் என்று துருவித் துருவி விசாரிப்பார். பதில்கள் மனத்துக்கு ஒப்பினால் மட்டுமே மீனைப் பையில் போடுவார். ஒப்பாவிட்டால், "பொம்மை மீன் வாங்கி வெச்சுக்கோங்க, அதுக்குப் பசிக்காது" என்று அனுப்பிவிடுவார்.

அன்று அவர் முன்னால் நின்ற தம்பதி எதையும் வாங்க வரவில்லை. நடுவயதைக் கடந்து, அண்மையில்தான் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துபவர். மனைவி ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் பணிபுரிபவள். இருவருக்குமே இது இரண்டாவது மணம். இருவருமே துணையை இழந்தவர்கள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்," என்று கணவர் தொடங்கினார். "எங்ககிட்ட இருக்கற மீனையெல்லாம் ஒரே தொட்டியில விடலாமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

"என்ன மீனு?"

"என்கிட்ட தங்கமீன் ஒரு ஜோடி. இவங்ககிட்ட வட்டமா, தட்டு மாதிரி இருக்கற டிஸ்கஸ் மூணு."

மாமியார் கையிலிருந்த வலையைக் கீழே வைத்தார். "சார், கம்பளி போத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கறவனையும் விசிறிக்கிட்டு உட்கார்ந்திருக்கறவனையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டினா என்ன ஆகும்? தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணி வேணும். டிஸ்கஸுக்கு வெதுவெதுன்னு வேணும். ரெண்டும் சாது, ஒண்ணை ஒண்ணு கடிக்காது, அதெல்லாம் சரி. ஆனா சண்டை போடாம இருக்கறது மட்டும் பொருத்தம் இல்லைங்க. தண்ணி ஒத்துப்போகணும். தனித்தனியா ரெண்டு தொட்டி வைங்க."

"வீட்டு ஓனர் ஒரு தொட்டிக்குத்தான் சம்மதிச்சார்," என்றாள் அவள். "முன்னாடி குடியிருந்தவங்க தொட்டி உடைஞ்சு, கீழ் வீட்டுக் கூரையெல்லாம் ஊறிப்போச்சாம்."

"அப்போ ஒரு பக்கத்து மீனை என்கிட்ட குடுத்துடுங்க. நல்ல இடமாப் பார்த்து அனுப்பி வைக்கறேன்."

"என்னோடதைக் குடுத்துடலாம்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மாமியார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் மீனை விடமாட்டேன்னு இந்தக் கடையிலயே கத்திச் சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டியைப் பார்த்திருக்கேன். விட்டுக்குடுக்கறதுக்குப் போட்டி போடறவங்களை இப்பதான் பார்க்கறேன்."

அவள் விட்டுக்கொடுக்க முன்வந்தது எதை என்பதைக் கணவர் அறிந்திருந்தார். அவளுடைய முதல் கணவர் நில அளவையாளர். நாணய அளவில் வாங்கிய டிஸ்கஸ் குஞ்சுகளைச் சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு வளர்த்தவர். மாலையில் வீடு திரும்பியதும் காலணியைக்கூடக் கழற்றாமல் கண்ணாடியில் உள்ளங்கையை வைப்பார். மீன்கள் வந்து அந்தக் கையோடு முகத்தை ஒட்டி நிற்கும். அவர் மறைந்த பின்பும் அதே வேளையில் அவை கண்ணாடியோரம் வந்து காத்திருந்தன. அவள் தன் கையை வைத்தாள். அந்த உள்ளங்கையை அறிந்தவர்கள் என்று இப்போது எஞ்சியிருந்தது அவளும் அந்த மூன்று மீன்களும்தான்.

அவர் விட்டுக்கொடுக்க முன்வந்தது எதை என்பதை அவளும் அறிந்திருந்தாள். தையல் ஆசிரியையாக இருந்த அவருடைய முதல் மனைவி, கடைசிக் காலத்தில் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பவும் இயலாமல் படுத்திருந்தார். பார்ப்பதற்கு ஏதேனும் அசைந்துகொண்டிருக்கட்டும் என்று கட்டிலருகே அந்த ஜோடியைக் கணவர்தான் வாங்கி வைத்தார். கணவரிடம் சொல்லாத சில செய்திகளை அந்த அம்மையார் மீன்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். அறைக்கு வெளியே அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம், கேட்பது முறையல்ல என்று அவர் நகர்ந்துவிடுவாராம். என்ன சொன்னார் என்பது தங்கமீன்களுக்கு மட்டுமே தெரியும்.

எனவே இரு தரப்பு மீன்களில் எதையும் கொடுத்துவிட முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தே இருந்தது.

மாமியார் கடைசியில் இறங்கி வந்தார். "சரி, ஒண்ணு பண்ணுங்க. பெரிய தொட்டியா வைங்க. சூட்டை நடுவுல, இருபத்தாறு டிகிரியில நிறுத்துங்க. ரெண்டு பக்கத்துக்கும் பிடிக்காது, ரெண்டு பக்கமும் பொறுத்துக்கும். ஆனா வெச்சது வெச்சபடியே இருக்கணும். ஹீட்டர் மேல யாரும் கை வைக்காதீங்க. மீனு கொஞ்சம் சூட்டையும் தாங்கும், கொஞ்சம் குளிரையும் தாங்கும். ஏறி ஏறி இறங்கறதைத் தாங்காது. புரியுதா?"

இருவரும் பணிவாகத் தலையசைத்தார்கள்.

அவளுடைய நான்கடித் தொட்டியே கூடத்தின் சுவரோரம் வைக்கப்பட்டது. வெயில் எட்டிப் பார்க்காத, எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும் கூடம் அது. ஹீட்டர் பழையது. குமிழைச் சுற்றியிருந்த எண்கள் தேய்ந்து மறைந்திருந்ததால், கண்ணாடியில் ஒட்டிய வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துத்தான் இருபத்தாறைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முதல் சில நாட்கள் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தன. வட்ட வட்டமாக மூன்று டிஸ்கஸ் மீன்கள் மிதந்து செல்ல, அவற்றின் நடுவே குண்டுத் தங்கமீன்கள் இரண்டும் வாலை விசிறிக்கொண்டு அலைந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவருடைய தங்கை வருவாள். வாய் சற்று நீளம். மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள்.

"அண்ணி, ஒரு சந்தேகம்," என்று அன்று தேநீர் மேசையில் தொடங்கினாள். "அண்ணா ஏன் பிரெட்டோட ஓரத்தையே எடுத்துத் திங்கறாரு? சின்ன வயசுல ஓரத்தைப் பிய்ச்சு என் தட்டுல போட்டுட்டு நடுத்துண்டைத் தூக்கிட்டு ஓடுவாரே?"

"அப்படியா?" என்றாள் அவள். அவள் தட்டிலும் ஓரத்துண்டுதான் இருந்தது. நடுத்துண்டுகள் இரண்டும் பொதுத் தட்டில் யாரும் தொடாமல் காய்ந்துகொண்டிருந்தன.

"இவங்களுக்கு மெத்துன்னு இருக்கறது பிடிக்கும்னு நெனைச்சேன்," என்றார் அவர்.

"உங்களுக்குப் பிடிக்கும்னு நான் நெனைச்சேன்," என்றாள் அவள்.

தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். "நல்ல குடித்தனம்! ‘நீங்க முதல்ல’, ‘இல்லை, நீங்க முதல்ல’ன்னு ரெண்டு பேரும் வாசல்லயே நின்னுக்கிட்டிருங்க. நடுவுல நான் உள்ள போய் சோறு தின்னுட்டு வந்துடறேன்." பிறகு அந்த இரண்டு நடுத்துண்டுகளையும் தானே எடுத்து வெண்ணெய் தடவிக்கொண்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஆயினும் மறுநாள் காலையிலும் இருவர் தட்டிலும் ஓரத்துண்டுகளே இருந்தன. ஒருவருக்காக ஒன்றை விட்டுக்கொடுப்பது அந்த வீட்டில் இயல்பாக இருந்தது. விட்டுக்கொடுத்ததைக் காட்டிக்கொள்வதுதான் மரியாதைக் குறைவாகக் கருதப்பட்டது.

மருந்தகத்தில் அவளுக்குக் காலைப் பணி. விடிந்ததும் கிளம்பிப் பிற்பகலில் திரும்புவாள். அவர் நிதானமாகக் கிளம்பிக் கடையைத் திறந்து, இருட்டிய பிறகே வருவார். ஒரு பிற்பகல் அவள் வீட்டுக்கு வந்தபோது, தங்கமீன்கள் இரண்டும் நீரின் மேற்பரப்பில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. வெப்பமானி இருபத்தெட்டைக் காட்டியது.

ஹீட்டர் தானாக ஏறிவிட்டது போலும் என்று அவள் எண்ணினாள். அத்துடன் வேறொன்றும் எண்ணினாள்: இந்தச் சூடு என் மீன்களுக்குச் சுகம், அவருடையவற்றுக்குத் துன்பம். அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். நான்தான் பார்த்துச் செய்ய வேண்டும். கையை நீருக்குள் விட்டுக் குமிழைச் சற்றே திருப்பினாள். இருபத்தாறுக்கு அல்ல, அதற்கும் கொஞ்சம் கீழே. தன் மீன்கள் தன்னை மன்னித்துக்கொள்ளும் என்று நம்பினாள். மாலையில் தங்கமீன்கள் கீழே இறங்கி, அடித்தளக் கூழாங்கற்களைக் கிளறத் தொடங்கின. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் பிற்பகலில் மறுபடியும் சூடு ஏறியிருந்தது. அவள் மறுபடியும் குறைத்தாள். இம்முறை இன்னும் சற்று அதிகமாக. அப்படியே அது தினசரி வேலையாகிவிட்டது. வந்ததும் கைப்பையை மாட்டுவாள், சேலைத் தலைப்பு நனையாமல் ஒதுக்கிக்கொள்வாள், முழங்கை வரை நீருக்குள் விட்டுக் குமிழைத் திருப்புவாள், கையைத் துடைத்துக்கொள்வாள்.

டிஸ்கஸ் மீன்களின் நிறம் கறுக்கத் தொடங்கியது. துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி மூலையில் நின்றன. உள்ளங்கையை வைத்தாலும் வரவில்லை. பிறகு ஒரு தங்கமீனின் வாலில் உப்புத் தூவியதைப் போல வெண்புள்ளிகள் தோன்றின. சில நாட்களில் எல்லா மீன்களின் மேலும் அந்த உப்பு படர்ந்துவிட்டது.

மாமியாரை வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். அவர் தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி ஏறி இறங்கியிருக்கு. அதனாலதான் வெண்புள்ளி வந்திருக்கு. யாராவது ஹீட்டர்ல கை வெச்சீங்களா?"

"இல்லை," என்றாள் அவள்.

"இல்லைங்க," என்றார் கணவர்.

அவள் பொய் சொன்னதன் காரணத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது. ‘உங்கள் மீன்களுக்காக என் மீன்களைக் குளிரில் விட்டேன்’ என்று அவர் எதிரே சொன்னால், அது உதவியாக இராது, கடனாகிவிடும். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்ற அவள் விரும்பவில்லை. அவர் சொன்ன ‘இல்லை’யை அவள் முழுமையாக நம்பினாள்.

"அப்போ ஹீட்டர்தான் கோளாறு," என்று மாமியார் தீர்ப்புக் கூறி, வேறொரு ஹீட்டரை மாட்டினார். அதிலும் எண்கள் இல்லை. கூட்டுவதற்கு ஓர் அம்புக்குறி, குறைப்பதற்கு ஓர் அம்புக்குறி, அவ்வளவே. மருந்தையும் தந்தார். அளவை அவளே பார்த்து ஊற்றினாள். எந்த மருந்தையும் ஒரு முறைக்கு மேல் அவள் அளந்ததே இல்லை.

புதிய ஹீட்டரும் அவள் கண்ணுக்குப் பழையதைப் போலவே நடந்துகொண்டது. பிற்பகல்தோறும் ஏறியே இருந்தது. அவளும் குறைத்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் இறந்தது ஒரு தங்கமீன். அவர் அதைக் கண்ணாடி துடைக்கும் மென்துணியில், தம் கடையின் பெயர் அச்சிட்ட துணியில், மடித்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது நகக்கண்களில் மண் இருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு," என்றாள் அவள்.

"பரவாயில்லைங்க," என்றார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கை கழுவ அவ்வளவு நேரம் தேவைப்படாது. அவள் கதவருகே நின்றாள். கேட்பது முறையல்ல என்று நகர்ந்துவிட்டாள்.

எஞ்சிய ஒற்றைத் தங்கமீனையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அதன் பிறகு குமிழை இன்னும் கீழே திருப்பினாள். அந்த வாரத்திலேயே டிஸ்கஸ் மீன்களில் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. அவற்றை வலையில் எடுத்தது அவர்தான்.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றார், தாமே கொன்றுவிட்டதைப் போல.

"நீங்க என்ன பண்ணுவீங்க? பரவாயில்லை," என்றாள் அவள்.

பதினாறு அடி தொலைவில் வந்தாலே காலடியோசையில் அடையாளம் கண்டு கண்ணாடிக்கு வருகிற மீன்கள் அவை. அவள் அழவில்லை. அழுதால் அவர் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்பார்.

அடுத்த சில நாட்களில் ஒருநாள் மருந்தகத்தில் பூச்சி மருந்து அடிப்பதற்காகக் காலையிலேயே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். அவள் வீடு திரும்பிக் கதவைத் திறந்தாள். அவர் இன்னும் கடைக்குக் கிளம்பியிருக்கவில்லை. தொட்டியின் முன் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார். வலக் கண்ணில், கண்ணாடிச் சட்டத்தின் சின்னத் திருகாணிகளைப் பார்ப்பதற்கு அவர் பொருத்திக்கொள்ளும் உருப்பெருக்கி இருந்தது. ஒரு கையை முழங்கை வரை நீருக்குள் விட்டு, குமிழைக் கூட்டல் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். உருப்பெருக்கிக்குப் பின்னால் அந்தக் கண் மட்டும் மிகப் பெரிதாகத் தெரிந்தது.

"இல்லைங்க... உங்க மீனு குளிர்ல ஒடுங்கிப்போய் நிக்குது. தினமும் காலையில பார்த்தா தண்ணி சில்லுன்னு இருக்கு. நீங்க சொல்ல மாட்டீங்க. அதான் நானே கொஞ்சம் கூட்டி வைக்கறேன். புது ஹீட்டரும் சரியில்லை போல. ராத்திரியில தானா இறங்கிடுது."

அவள் கைப்பையைத் தரையில் வைத்தாள்.

"தானா இறங்கலை," என்றாள். "நான்தான் குறைக்கறேன். மத்தியானம் வந்து. உங்க மீனுக்கு மூச்சு வாங்குதேன்னு."

அவருடைய கை இன்னும் நீருக்குள்ளேயே இருந்தது. அவளுடைய மீன்களுக்காக அவர் காலைதோறும் கூட்டினார். அவருடைய மீன்களுக்காக அவள் பிற்பகல்தோறும் குறைத்தாள். அவர் கூட்டக் கூட்ட அவள் இன்னும் குறைத்தாள். அவள் குறைக்கக் குறைக்க அவர் இன்னும் கூட்டினார். பகலெல்லாம் கொதித்து இரவெல்லாம் குளிர்ந்த அந்த நீரில் நின்று, மீன்கள் இரண்டு பேருடைய அன்பையும் தாங்கிப் பார்த்துவிட்டு முடியாமல் போய்விட்டன.

"மாமியார் கேட்டாரே," என்றார் அவர் மெதுவாக. "கை வெச்சீங்களான்னு."

"உங்களையும்தான் கேட்டாரு."

அவர் கையை வெளியே எடுத்தார். நீர் தரையில் சொட்டியது.

அவள் தொலைபேசியில் மாமியாரை அழைத்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் வசவு வரும் என்று எதிர்பார்த்தாள். மாமியார் திட்டவில்லை.

"இப்போ என்ன மிச்சம் இருக்கு?"

"ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொண்ணு."

"ரெண்டையும் இனி ஒண்ணா வைக்க முடியாது. டிஸ்கஸ் பிழைக்கணும்னா தண்ணியை முப்பதுக்குக் கொண்டுபோய் மருந்து விடணும். மூச்சு வாங்கற தங்கமீனு அந்தச் சூட்டுல நிக்காது. தங்கமீனுக்காகக் குளிர விட்டா, டிஸ்கஸ் போயிடும். ஒண்ணு தொட்டியில இருக்கட்டும், இன்னொண்ணை வாளிக்கு மாத்துங்க. வாளியில மாத்தினது பிழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன், அம்மா. எதை மாத்தறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னாள். இருவரும் தொட்டியின் முன் நின்றார்கள். வழக்கப்படி இருவரும் ஒரே நேரத்தில் ஒன்றையே சொல்லியிருக்க வேண்டும்.

"என் மீன் பிழைக்கணும்," என்றாள் அவள்.

குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. அவர் அவளைப் பார்த்தார். கண்ணிலிருந்து உருப்பெருக்கியைக் கழற்றினார்.

"என்னோடதும்," என்றார்.

திருமணமான நாளிலிருந்து, தமக்கு வேண்டியது எது என்பதைப் பற்றி அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட முதல் உண்மை அதுதான் என்று சொன்னால் மிகையாகாது. அது இருவரையும் நெருக்கமாக்கவில்லை. முன்பின் அறியாத இருவர் ஒரே வரிசையில் நிற்பதைப் போல நின்றார்கள்.

பிறகு அவர் குளியலறைக்குப் போய் நீல நிற வாளியைக் கழுவி எடுத்து வந்தார்.

"உங்களோடது வாளியில ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வாளியைச் சூடா வெச்சிருக்க வழி இல்லை. என்னோடதுக்குக் குளிர்ந்த தண்ணி போதும். அதுக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கு."

‘வேண்டாம், என்னோடதையே மாத்திடலாம்’ என்ற சொற்கள் பழக்கத்தால் அவள் நாக்கு நுனிவரை வந்தன. வாயும் திறந்துவிட்டது. மூலையில் தலை தாழ்த்தி நின்ற அந்தக் கடைசி டிஸ்கஸைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவர் ஒரு கணம் காத்திருந்தார். அவள் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்ததும், வலையை எடுத்தார்.

வாளிக்கான மருந்தை அவள்தான் அளந்தாள். இம்முறை இரண்டு தடவை அளந்தாள்.

அன்று அவர் கடையைத் திறக்கவில்லை. சமையலறையின் ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, வாளியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தார். கூடத்தில் வெப்பமானி முப்பதுக்கு ஏறியது. டிஸ்கஸின் ஒடுங்கியிருந்த துடுப்பு கொஞ்சம் விரிந்ததை அவள் கண்டாள். மகிழ்ச்சியைக் காட்ட இடமில்லை. கண்களை மட்டும் துடைத்துக்கொண்டாள். சமையலறையிலிருந்து மெல்லிய குரலில் அவர் ஏதோ பேசுவது கேட்டது. அவளிடம் பேசவில்லை. வாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கும் வேளையில் அந்தக் குரல் நின்றது.

அவள் சென்று பார்த்தபோது அவர் முக்காலியிலேயே இருந்தார். மடியில் கண்ணாடி துடைக்கும் துணி விரிந்திருந்தது.

"போயிடுச்சு," என்றார். "எப்பவும் சொல்ற அந்த வார்த்தையைச் சொல்லப் பார்க்கறேங்க. வரலை."

"சொல்லாதீங்க," என்றாள் அவள்.

அவள் அவர் தோளில் கை வைக்க நினைத்தாள். இத்தனைக்கும் காரணமான கை அது; அவருடையதும் அப்படியே. இருந்தாலும் வைத்தாள். அவர் விலகவில்லை. நெருங்கி வரவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். தொட்டியில் ஒற்றை மீன் நிற்பதைப் பார்த்தாள். அண்ணன் முகத்தையும் பார்த்தாள். கேலி செய்யத் திறந்த வாயை மூடிக்கொண்டு, தேநீர் போடப் போனாள்.

"மாமியார் ஃபோன் பண்ணினாரு," என்றாள் மனைவி மேசையில். "டிஸ்கஸ் தனியா இருந்தா ஏங்கிப்போகுமாம். அதே சூட்டுல வாழற சின்ன மீனு, குட்டி நியான் மாதிரி, கொஞ்சம் விடலாமாம். இப்பவாவது ஒருத்தரை ஒருத்தர் கேட்டுட்டுத்தான் வாங்கணும்னாரு. உங்களுக்கு... உங்களுக்கு ஏதாவது மீனு வேணுமா?"

"வேண்டாம்," என்றார் அவர்.

அது உபசாரத்துக்காகச் சொன்ன ‘வேண்டாம்’ அல்ல. அதை அவள் அறிந்துகொண்டாள்.

தங்கை ரொட்டித் தட்டை நடுவில் வைத்தாள். அவர் கை நீட்டி, யாரையும் பார்க்காமல், மெத்தென்ற நடுத்துண்டை எடுத்துத் தம் தட்டில் போட்டுக்கொண்டார். சற்றுப் பொறுத்து அவளும் இன்னொரு நடுத்துண்டை எடுத்துக்கொண்டாள். ஓரத்துண்டுகள் பொதுத் தட்டிலேயே கிடந்தன.

சாப்பிட்டு முடித்ததும் அவர் எழுந்து தொட்டியிடம் போனார். டிஸ்கஸ் காலடியோசை கேட்டுக் கண்ணாடியோரம் வந்து, தனக்குத் தெரிந்த ஓர் உள்ளங்கைக்காகக் காத்து நின்றது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, குனிந்து வெப்பமானியைப் படித்தார்.

"முப்பதுலயே இருக்கு," என்றார்.